கொரியத் தொடர்களும் குறிஞ்சித் திணையும்

பத்துப்பாட்டுள் எட்டாவதாக வைத்து எண்ணப்பெறும் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிக்கும்பொருட்டுக் கபிலர் இதனைப் பாடினார் என்பது அந்நூலைப் பற்றிய பழங்குறிப்பு. ஈண்டுத் தமிழ் அறிவித்தல் என்பது எழுத்தும் சொல்லும் கற்பித்தல் அன்று. தமிழர்தம் காதலொழுக்கத்தை அறிவித்தலே ஆகும். அயலான் ஒருவனுக்கு நம் அகவாழ்வைப் பாட்டால் விளக்கிய அப்புலவர் பெருமானின் பெயர் தாங்கிய குன்று திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றினுள் இன்றும் நிற்கிறது. அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, பாரி மகளிரை மணம் செய்வித்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியைக் கூறுகிறது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியின் எல்லைக்குள் அடங்குவது அவ்வூர். குறிச்சி என்பதே குறிஞ்சி நிலத்து ஊர்க்குரிய பெயர் என்பதைத் தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இன்று காற்று எதிர்த்திசையினின்றும் வீசுகின்றது. கொரியரும் சப்பானியரும் சீனரும் தத்தம் காதலொழுக்கத்தைத் தொலைக்காட்சித் தொடர்களின் வாயிலாக நமக்கு அறிவித்து வருகின்றனர். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் ஆகிய ஊர்களினின்றும் பயில வரும் மாணவியர் தம்முள் உரையாடுங்கால் கொரியச் சொற்கள் சில இயல்பாக வந்து விழுகின்றன. கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மாணவியரும் இதற்கு விலக்கல்லர். மலையூர்களில் கைப்பேசி அலை எட்டாத இடங்கள் பல. ஆகவே கீழே இருக்கும்பொழுதே தொடரைப் பதிவிறக்கிக் கொண்டு, விடுமுறையில் சாமைக்கொல்லையும் மரவள்ளித் தோட்டமும் சூழ்ந்த வீட்டில் இருந்து காண்பதாக அவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். சியோல் நகரத்து முதற்பனி கல்வராயன் மலைச்சரிவில் கைப்பேசித் திரையில் பொழிகின்றது!

பெற்றோர்க்கு இது கவலை தருகின்றது. அக்கவலை முற்றும் வீண் என்று தள்ளுதற்கும் இல்லை. 2024 சனவரியில் கரூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியொன்றில் 8ஆம் வகுப்புப் பயின்ற சிறுமியர் மூவர், கொரிய இசைக்குழுவினரைக் காணும் ஆவலால், சேமித்த பதினாலாயிரம் ரூபாயுடன் வீட்டைவிட்டுப் புறப்பட்டனர். விசாகப்பட்டினம் சென்று கப்பலேறிக் கொரியாவை அடைவது அவர்தம் திட்டம். காட்பாடித் தொடர்வண்டி நிலையத்தில் மீட்கப்பெற்றனர். இத்தகைய செய்திகளைப் படிக்கும் பெற்றோர், 'அயல்நாட்டுச் சீர்கேடு' என்று ஒரு சொல்லில் வழக்கை முடித்துவிடுகின்றனர். ஆனால் எத்துணையோ மேலைநாட்டுப் படங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, இக்குழந்தைகள் இத்தொடர்களை மட்டும் தேடித்தேடிக் காண்பதன் காரணம் யாது என்னும் வினாவை எவரும் எழுப்பக் காணோம். அவ்வினாவுக்குத் தமிழாசிரியரிடமும் ஒரு விடை உண்டு என்பது எம் எண்ணம்.

தொடர்கள் நம்மை வந்தடைந்த வழியைச் சுருங்கக் காண்போம். 1997இல் 'காதல் என்பது யாது' என்னும் பொருள்படும் தலைப்புடைய கொரியத் தொடரொன்று சீனத்தின் அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிப் பெருவரவேற்பைப் பெற்றது. 2002இல் கொரியாவில் வெளியான 'குளிர்கால சொனாட்டா' 2003இலும் 2004இலும் சப்பானில் ஒளிபரப்பாக, அந்நாட்டு நடுத்தர வயதுப் பெண்டிர் அதன் தலைவனாக நடித்த பே யோங்-ஜூன் மீது கொண்ட அன்பு உலகச் செய்தியாயிற்று. இந்தியாவில் முதற்கண் இடம் கொடுத்தது மணிப்பூர். 2000இல் ஆயுதக் குழு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை விதித்தபின் அங்குக் கொரியத் தொடர்கள் பரவின. தமிழகத்திற்கு 2013இல் தொடங்கப்பெற்ற புதுயுகம் தொலைக்காட்சியே அவற்றைத் தமிழ்க் குரலில் கொணர்ந்தது. 2020இன் பெருந்தொற்று முடக்கம் ஏனையவற்றைச் செய்து முடித்தது. ஈழத்தவர் இவ்வகையில் நமக்கு மூத்தவர். சப்பானிய 'ஓஷின்' தொடரை இலங்கை உரூபவாகினியில் கண்ட தலைமுறையினர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பர்.

இத்தொடர்களில் காதல் காட்டப்பெறும் முறையை நோக்குவோம். நம் மாணவியர் நம்மிடம் முதலில் கூறும் காரணம், 'வீட்டில் எல்லாருடனும் அமர்ந்து பார்க்கலாம், ஐயா' என்பதே. அஃது ஓரளவு உண்மை. பதினாறு பகுதிகள் கொண்ட தொடரில் முதல் முத்தம் பாதித் தொலைவு கடந்தபின் வருவதும் உண்டு. அதுவரை நிகழ்வன யாவை? மழையில் ஒரு குடையின்கீழ் நடத்தல். குடையின் பெரும்பகுதி அவள்பக்கம் சாய, அவன் தோள் நனைதல். அவிழ்ந்த காலணிக் கயிற்றைக் குனிந்து கட்டுதல். பேருந்தில் உறங்கிச் சாயும் தலையைத் தாங்குதல். நடக்கவியலாதவளை முதுகில் சுமந்து செல்லுதல். கொரியத் தாயர் தம் மகவை முதுகில் கட்டிச் சுமப்பது தொன்றுதொட்ட வழக்கம் ஆதலின், முதுகிற் சுமத்தல் அம்மக்களுக்கு முதற்கண் தாய்மையையே நினைவூட்டும். நம் கண்ணுக்கு உடல்நெருக்கமாகத் தோன்றுவது அவர்தம் கண்ணுக்குப் பேணுதலாகத் தோன்றுகின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் களவுக்கால மெய்ப்பாடுகளை நிரல்பட வைக்கிறார். நெற்றி வியர்த்தல், எழுந்த சிரிப்பை மறைத்தல், கூந்தலை அவிழ்த்து விரித்தல், அணிந்த அணியைத் தடவிப் பார்த்தல் என அவை மிகச் சிறிய செயல்கள். ஒரு தொடுகையும் நிகழாமுன்னரே உள்ளம் புலப்பட்டுவிடுகின்றது. கொரிய இயக்குநர் எவரும் தொல்காப்பியம் பயின்றிலர். ஆயினும் அவர்தம் ஒளிப்படக் கருவி தேடி அலைவன இச்சிறு செயல்களையே. விரல் நுனி, காதோரம், சட்டென்று திரும்பிக்கொள்ளும் முகம் ஆகியவற்றில் அது நின்று நிதானித்து நகர்கின்றது. நம் தமிழ்த் திரைப்படமோ முத்தத்தைத் தணிக்கைக்கு அஞ்சி மறைத்து, அதனினும் நாணத்தக்க அசைவுகளை ஆடலில் வைத்துத் தந்தது. மறைத்தல் வேறு, அடங்கி நிற்றல் வேறு.

'குளிர்கால சொனாட்டா'வில் ஒரு காட்சி. நமி என்னும் ஆற்றுத் தீவில் பனி பெய்து கிடக்கின்றது. தலைவனும் தலைவியும் பனியால் சிறு பொம்மைகள் இரண்டைச் செய்து, அவை ஒன்றையொன்று முத்தமிடுமாறு வைக்கின்றனர். தாம் சொல்ல நாணுவதை அப்பொம்மைகளைக் கொண்டு சொல்லிவிடுகின்றனர். விலங்கும் பறவையும் தம் துணையைப் பேணும் காட்சியைக் காட்டித் தலைவன் தலைவியரின் உள்ளத்தை உணர்த்தும் இறைச்சிப் பொருளை வகுப்பில் நடத்தி அலுத்தவர்க்கு இக்காட்சி நல்லதோர் எடுத்துக்காட்டாகும். மற்றொன்று: 2001இல் வந்த கொரியத் திரைப்படமொன்றில் தலைவி, 'நூடுல்ஸ் உண்டு செல்கிறாயா' எனத் தலைவனை வீட்டிற்கு அழைக்கிறாள். அன்றுமுதல் அந்நாட்டில் அவ்வினா உணவைக் குறிப்பதாக மட்டும் இல்லை. உள்ளுறைப் பொருள் எவ்வாறு பிறக்கிறது என்பதை நம் காலத்திலேயே கண்ணெதிரே காண்பது போன்றதாகும் இது.

அத்தொடரை இயக்கிய யூன் சோக்-ஹோ, நான்கு பருவங்களையும் தலைப்பில் வைத்து நான்கு தொடர்களை உருவாக்கினார். 2000இல் இலையுதிர் காலம், 2002இல் குளிர்காலம், 2003இல் வேனில், 2006இல் இளவேனில். காலமே காதலின் முதற்பொருளாக நிற்கின்றது. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் அல்லவோ! குளிரில் கூடுதலே இயல்பு என்று நம் முன்னோர் கண்டதனையே முதற்பனியன்று காதலர் உடனிருக்க வேண்டும் என்னும் கொரியர் நம்பிக்கையும் கூறுகின்றது. இவ்வொப்புமைகளைக் கொண்டு கொரியரும் தமிழரும் ஓரினத்தார் என்று முழங்குவோர் கூட்டத்தில் நாம் இல்லை. 'அம்மா', 'அப்பா' என அவர்களும் ஏறத்தாழ அவ்வாறே விளிக்கின்றனர் என்பது மெய். 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலாகிய சம்குக் யூசா, ஆயுத்தா என்னும் அயல்நாட்டினின்றும் கடல்வழி வந்து சூரோ மன்னனை மணந்த அரசியைப் பற்றிக் கூறுவதும் மெய். அவ்வரசி தமிழ்மகளே எனச் சிலர் நிறுவ முற்படுகின்றனர். ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு அரசியரை இடம் பெயர்த்தல் ஆய்வாகாது. ஓரினமாக இல்லாமலேயே இரு மக்கள் காதலை ஒத்த முறையில் கண்டனர் என்பதே நமக்கு வியப்பைத் தரவேண்டும்.

மொழியின்கண் காட்டப்பெறும் நெருக்கம் தனியே நோக்குதற்குரியது. கொரிய மொழியில் பேச்சுக்குப் படிநிலைகள் உண்டு. மதிப்புறு பேச்சினின்றும் இயல்புப் பேச்சுக்கு இருவர் மாறும் கணம், தொடரில் முத்தத்திற்கு ஈடான கணம். 'இனி இயல்பாகப் பேசலாமா' என ஒருவர் மற்றவரிடம் கேட்டு இசைவு பெறுகின்றார். நம்மிடையேயும் 'நீங்கள்' 'நீ'யாக மாறும் நாள் ஒன்று உண்டு. ஆனால் அதற்கு இசைவு கேட்கும் வழக்கம் இல்லை, அதுவும் பெரும்பாலும் ஆண்மகன் மட்டுமே மாறுவான். குரல்பெயர்ப்பில் இந்நுட்பம் பெரிதும் அழிந்துபோகின்றது. அதனினும் பெருந்தொல்லை 'ஓப்பா' என்னும் சொல். பெண்ணொருத்தி தன் தமையனை விளிக்கும் சொல் அது. அதே சொல்லால்தான் தன் காதலனையும் விளிக்கிறாள். அதனைத் தமிழில் 'அண்ணா' எனப் பெயர்த்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்! நம் ஊரில் ஓர் இளைஞனின் ஆசையை அறுத்தெறிய ஒரு பெண் கைக்கொள்ளும் கூரிய கருவி அச்சொல் அன்றோ. நம்மிடையே காதலும் மணமும் 'மாமா', 'மச்சான்', 'அத்தான்' எனும் முறைச்சொற்களால் வழங்குவன. தமிழ் முசுலிம் இல்லங்களில் மனைவி கணவனை 'மச்சான்' என விளிப்பதும் அவ்வழிப்பட்டதே. உறவுச்சொல்லைக் காதலுக்கு வழங்குவதில் இரு மொழியும் ஒன்று. எந்த உறவு என்பதில் நேர்மாறு. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்னும் மணமுறை நமக்கு உண்டு, அவர்க்கு இல்லை என்பதே காரணம்.

இன்னொரு சொல்லில் இருவரும் முழுதும் ஒன்றுபடுகிறோம். 'சாப்பிட்டாயா' என்பதே அது. கொரியத் தலைவன் தலைவியிடம் 'காதலிக்கிறேன்' என்று கூறும் முன் நூறு முறை இதனைக் கேட்டுவிடுகின்றான். வளைகுடாவினின்றும் கணவர் தொலைபேசியில் அழைத்தால், எம் பக்கத்துப் பெண்டிர் கேட்கும் முதல் வினாவும் இதுவே. சபுராளிகளின் மனைவியர் ஆண்டுக்கணக்கில் ஆற்றியிருக்கும் முல்லை வாழ்வை நம் தொலைக்காட்சித் தொடர்கள் கண்டுகொண்டில. கொரியர் தம் பிரிவை மறவாது எழுதுகின்றனர். போரினால் பிரிந்த குடும்பங்களைத் தேடி 1983இல் அந்நாட்டு ஒலி-ஒளிபரப்புக் கழகம் 138 நாள் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தியது. அதன் ஆவணங்கள் 2015இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அந்தப் புண் ஆறாமையாற்றான் எல்லைக்கு அப்பால் தவறி விழுந்த தென்கொரியப் பெண்ணையும் வடகொரிய வீரனையும் பற்றிய 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' (2019-20) உலகைக் கவர்ந்தது. அத்தொடரில் அவள் நறுமண மெழுகுவத்தி வேண்டும் என்கிறாள்; அப்பொருளை அறியாத அவன் வெளிச்சத்திற்குரிய மெழுகுவத்தியை வாங்கி வருகிறான். பின்னொருநாள் சந்தைக் கூட்டத்தில் இருளில் வழிதவறி அவள் அஞ்சி நிற்கையில், நறுமண மெழுகுவத்தியை ஏற்றி உயர்த்திப் பிடித்தபடி அவளைத் தேடி வருகிறான். முன்பு கேட்டதை நினைவில் வைத்திருந்தான், அவ்வளவே. எம் மாணவியர் பலர் இக்காட்சியைக் கூறும்பொழுது அவர்தம் குரல் மாறக் கேட்டிருக்கிறோம்.

தலைவியர் விரும்பும் ஆண்மகன் இவ்வாறு வரையப்படுதற்குக் காரணம் உண்டு. கொரியத் தொடர்களை எழுதுவோருள் பெண்களே மிகுதி. மேற்கூறிய தொடரை எழுதிய பாக் ஜி-உன், 'கோப்ளின்' (2016-17) முதலியவற்றை எழுதிய கிம் உன்-சுக் ஆகிய இருவரும் பெண்களே. பெண் எதனைக் காண விரும்புகிறாளோ அஃது அங்குக் காட்டப்பெறுகின்றது: சமைக்கின்ற, செவிமடுக்கின்ற, அழக் கூசாத ஆடவன். சங்கப் பாடல்களிலும் தலைவி கூற்றும் தோழி கூற்றும் மிக்கிருத்தலை ஒப்புநோக்குக. வெள்ளிவீதியாரும் ஔவையாரும் பெண்ணின் உள்ளத்தைப் பெண்ணின் வாயாலேயே பாடினர். இடைப்பட்ட நெடுங்காலத்தில் அக்குரல் நம்மிடையே தேய்ந்தது. மாமியார் மருமகள் பூசலையே 1,500 பகுதிகள் வரை இழுக்கும் தொடர்களில் கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பத்து மணித்துளி அமைதியாக உரையாடும் காட்சியைத் தேடினால் கிடைப்பது அரிது.

குறை கூறாது விடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. 2009இல் வந்த 'பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்' நம் மாணவியர் பலர்க்கு முதல் அறிமுகம். யோகோ காமியோ என்னும் சப்பானியப் பெண்மணியின் சித்திரக்கதையை அடியொற்றியது. அதே கதையைத் தைவான் 2001இல் 'மீட்டியார் கார்டன்' எனத் தொடராக்க, சீன அரசு 2002இல் அதன் ஒளிபரப்பை நிறுத்தியது. அக்கதையின் செல்வச் சிறுவன், ஏழைத் தலைவியைப் பள்ளி முழுவதும் சேர்ந்து துன்புறுத்துமாறு ஏவுகிறான். பின்னர் அவளையே காதலிக்கிறான். அவள் மணிக்கட்டைப் பற்றித் தெருவில் இழுத்துச் செல்கிறான். மணிக்கட்டைப் பற்றுதல் பழைய கொரியத் தொடர்களில் வீரச்செயலாகவே காட்டப்பெற்றது. 2018இல் அந்நாட்டில் 'மீ டூ' இயக்கம் எழுந்தபின் இவ்வகைக் காட்சிகள் கடுமையாக வினவப்பெற்றன. நம் திரைப்படத் தலைவர்கள் விருப்பமில்லாப் பெண்ணைத் தெருத்தெருவாகத் தொடர்ந்து சென்று வெற்றி கண்டதை நாம் நெடுங்காலம் கைதட்டி வரவேற்றோம் ஆதலின், கொரியரை மட்டும் குறைகூறத் தகுதியிலோம். ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காதலைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினர் பண்டைத் தமிழர். அவ்வரையறையை மாணவியர் கையில் ஓர் அளவுகோலாகத் தந்துவிட்டால், எந்தத் தொடரையும் அவர்கள் தாமே அளந்துகொள்வர். நாம் தடைசெய்ய வேண்டுவதில்லை.

காதலுக்குத் தடையாக வருவது யாது என்பதில்தான் இரு நாட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி புலனாகும். கொரியாவிலும் தடைகள் இருந்தன. ஒரே குடிப்பெயரும் ஒரே மூல ஊரும் உடையார் தம்முள் மணம் செய்துகொள்ளலாகாது எனச் சட்டமே இருந்தது. 1997இல் அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005இல் சட்டம் திருத்தப்பெற்றது. இன்றைய தொடர்களில் தடையாக நிற்பது பெரும்பாலும் செல்வம். தலைவனின் தாய் ஏழைத் தலைவியைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் பணம் நிறைந்த உறையை மேசைமீது நகர்த்தி, 'என் மகனை விட்டு விலகு' என்கிறாள். அவள் மறுத்தால் குவளை நீரை முகத்தில் வீசுகிறாள். இக்காட்சியைக் கண்டு நம் மாணவியர் சிரிக்கின்றனர்.

நம் நிலத்தில் நிகழ்வது நீர் வீசுதலோடு நிற்பதில்லை. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003இல், சாதி வேறுபாட்டைக் கடந்து பதிவுத்திருமணம் செய்துகொண்ட இளைஞனும் பெண்ணும் நஞ்சூட்டிக் கொல்லப்பெற்றனர். பெண்ணைப் பெற்றவரும் உடன்பிறந்தவரும் அக்கொலையில் தண்டிக்கப்பெற்றோருள் அடங்குவர். தீர்ப்பு வந்தது 2021இல். உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது 2025இல். இருபத்திரண்டு ஆண்டுகள்! கொரியத் தொடரின் பதினாறாம் பகுதியில் எல்லாத் தாயரும் மனம் மாறிவிடுவர் என்பதைக் கண்டு பழகிய பெண்ணொருத்தி, தன் வீட்டிலும் அவ்வாறே நிகழும் என்று நம்பிவிட்டால் என் செய்வது? எம் அச்சம் இதுவே. முத்தக் காட்சியைப் பற்றியது அன்று.

இவ்விடத்தில்தான் குறிஞ்சிப்பாட்டை மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டியுள்ளது. கதை கொரியத் தொடர் போன்றதே. தினைப்புனம் காத்து, அருவியாடி, தொண்ணூற்றொன்பது வகைப் பூக்களைப் பறித்து விளையாடும் மகளிர்முன் வேட்டுவன் ஒருவன் தோன்றுகின்றான். அவனுடைய நாய்களைக் கண்டு அவர்கள் நடுங்க, அவற்றை அடக்கி, இன்சொல் கூறி, மறுமொழிக்குக் காத்து நிற்கின்றான். மதங்கொண்ட யானை ஒன்று வர, அம்பெய்து அதனை விரட்டுகின்றான். அருவிநீரைப் பருகி, பிரியேன் எனச் சூளுரைக்கின்றான். இவ்வளவும் காதற்கதை. ஆனால் இதனைக் கூறுபவள் தலைவி அல்லள், தலைவனும் அல்லன். தலைவியின் மெலிவு கண்டு கலங்கிய செவிலித்தாயிடம் தோழி கூறுவதாக அமைந்தது பாட்டு முழுவதும். அறத்தொடு நிற்றல் என்பது இத்துறை. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் முறையே உணர்த்துவர். களவு கற்பாக மாறுதற்குச் சமூகமே அமைத்துக் கொடுத்த பாதை அது. உடன்போக்கு என்பது அப்பாதை அடைபட்டபோது மட்டும் மேற்கொள்ளப்பெற்றது.

கொரியத் தொடரில் தோழி உண்டு. அவள் சிரிக்க வைப்பாள், மது அருந்துகையில் உடனிருப்பாள், அறிவுரை கூறுவாள். பெற்றோரிடம் சென்று அறத்தொடு நிற்கும் கடமை அவளுக்கு இல்லை. நம் வீடுகளிலோ அக்கடமை எவர்க்கும் இல்லாதொழிந்தது. செவிலியின் இடத்தில் இருக்க வேண்டிய பெரியம்மாவும் அக்காளும் அஞ்சி வாய்மூடி இருக்கின்றனர். கல்வராயன் மலைவாழ் மலையாளி மக்களிடையே, மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண்கொள்ளும் பழைய வழக்கம் உண்டு. சமவெளியினராகிய நாம் அதனை நாகரிகக் குறைவாக எண்ணி, பெண் வீட்டாரிடம் பொன்னும் வண்டியும் கேட்கும் நாகரிகத்தை அவர்க்குக் கற்பித்து வருகிறோம்.

இசுலாமிய வரலாற்றில் நாம் அறிந்த செய்தி ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. கதீஜா நாயகி (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மணக்க விரும்பியபோது, நஃபீஸா என்னும் தோழியே சென்று அண்ணலாரின் கருத்தை அறிந்து வந்தார். அதன்பின்னரே இருதரப்புப் பெரியோரும் அமர்ந்து பேசி மணம் முடித்தனர். விருப்பம் பெண்ணிடமிருந்து பிறந்தது, தோழி வாயிலாயினார், பெரியோர் செவிசாய்த்தனர். சீறாப்புராணத்து விலாதத்துக் காண்டத்தில் உமறுப்புலவர் அத்திருமணத்தை விரித்துப் பாடியுள்ளார். நிக்காஹ் நிகழும்பொழுது மணமகளின் இசைவைச் சாட்சிகள் முன்னிலையில் கேட்டுப் பெறுதல் இன்றும் உள்ள முறை. ஆனால் அவ்வினா, பந்தலும் விருந்தும் ஆயத்தமாகி ஊரார் திரண்டபின் கேட்கப்படுமாயின், 'இல்லை' என்று சொல்லும் துணிவு எந்தப் பெண்ணுக்கு வரும்? ஒரு திங்கள் முன்னர், வீட்டினுள், தாய் கேட்க வேண்டிய வினா அது. கொரியத் தொடரின் தலைவன் 'இயல்பாகப் பேசலாமா' என்பதற்கே இசைவு கேட்பதை நம் பெண்கள் ஏன் அவ்வளவு விரும்புகிறார்கள் என்பதை இங்கு வைத்துப் பார்த்தல் தகும்.

கொரியாவிலும் தொடர் வேறு, வாழ்வு வேறு. காதற்கதைகளை உலகிற்கு வழங்கும் அந்நாட்டில் 2023இல் மகப்பேற்று விகிதம் பெண்ணொருவர்க்கு 0.72 ஆகக் குறைந்தது. வீட்டு விலையும் பணிநேரமும் பெண்மீது சுமத்தப்பெறும் இல்லப்பணியும் இளைஞரை மணத்தினின்றும் விலக்கிவிட்டன என்பர். அதனாற்றானோ என்னவோ, 2025இல் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' என்னும் தொடர் ஜெஜு தீவின் எளிய இணையர் ஒருவரின் மணத்திற்குப் பிற்பட்ட வாழ்வை, முதுமை வரையில், பொறுமையாகக் காட்டிற்று. மீனவக் கணவன் தன் தட்டில் உள்ள நல்லதை மனைவியின் தட்டுக்கு மாற்றி வைப்பதே அதில் காதற்காட்சி. களவைப் பாடிய தொடர்கள் கற்பையும் பாடத் தொடங்கியிருக்கின்றன.

இவ்வாண்டு முதுகலை வகுப்பில் குறிஞ்சிப்பாட்டை நடத்தி முடித்தபின், தாம் விரும்பும் தொடரொன்றை அதனோடு ஒப்பிட்டுக் கட்டுரை வரைந்து வருமாறு பணித்தோம். பெரும்பாலோர் யானையையும் குடையையும் ஒப்பிட்டிருந்தனர், நன்றாகவே எழுதியிருந்தனர். மலையூரினின்றும் வரும் மாணவி ஒருவர் மட்டும் தலைவன் தலைவியைப் பற்றி ஒன்றும் எழுதாமல், செவிலியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். 261 அடிகளிலும் அத்தாய் ஓரிடத்தேனும் இடைமறித்துப் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறாள், இப்படியொரு தாய் எந்தத் தொடரிலும் வரவில்லை என்பது அவர் கண்ட வேறுபாடு. அக்கட்டுரையைத் துறை நூலகத்தில் வைத்திருக்கிறோம்.